வரப்புப் புற்று

அம்மா இறந்த பிறகு எங்கள் மாந்தோப்பு இரண்டானது. மேற்குப் பாதி அக்காவுக்கு, கிழக்குப் பாதி அண்ணனுக்கு. நான் திருத்தணியில் பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கிறேன், தனி ஆள், எனக்கு நிலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சர்வேயர் நட்ட எல்லைக் கற்களில் ஒன்று ஒரு கறையான் புற்றின் வயிற்றில் போய் நின்றது. இடுப்பு உயரப் புற்று. அது யார் பக்கம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வருடத்தில் நான்கு நாள்தான் அந்தப் புற்றைப் பற்றிப் பேச்சு எழும். ஆடியில் இடியோடு இரண்டு மழை பெய்து, மறுநாள் புழுக்கம் வந்தால், விடிவதற்குள் புற்றின் மேலும் அடியிலும் காளான் முட்டிக்கொண்டு வரும். குடை விரிவதற்கு முன் எடுக்க வேண்டும். மண்ணுக்குள் நீளமாக இறங்கும் அதன் வேரைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்தால்தான் முழுசாக வரும். அக்கா மிளகு போட்டு வறுப்பாள். அந்த வாசனைக்கு நாங்கள் மூவருமே சிறு வயதிலிருந்து அடிமை.

வகுப்பில் நான் சொல்லித் தரும் விஷயம் இது. கறையானால் மரத்தைக் கடிக்க முடியும், முழுசாகச் செரிக்க முடியாது. மென்ற மரத்தையும் சருகையும் கழிவாக இறக்கி, அதைக் கொண்டு புற்றுக்குள் அறை அறையாகத் தோட்டம் கட்டும். அதில் காளானின் பூஞ்சை வளர்ந்து மரத்தைக் கரைத்துக் கொடுக்கும். கறையான் அதைத் தின்னும். பூஞ்சைக்குச் சூடும் ஈரமும் காவலும் கறையானால் கிடைக்கிறது. அந்தத் தோட்டத்தில் வேறு பூஞ்சை எதையும் கறையான் தலையெடுக்க விடாது. ஒன்று இல்லாமல் மற்றது பிழைக்காது. இந்த வாக்கியத்தைப் பல வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

பாவா, அதாவது அக்காவின் கணவர், அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுபவர். தோப்பின் ஓரத்தில்தான் அவர்கள் வீடு. அண்ணன் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தான். அவன் லீவு போட்டுக் கிளம்பி வருவதற்குள் காளான் பாவா வீட்டுச் சட்டியில் வெந்திருக்கும். இரண்டு வருடம் தொடர்ந்து அப்படி நடந்தது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பாவா சொன்னார், "தோப்புக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தாதவனுக்கு காளான் இன்னாத்துக்கு?" அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். காளான் விஷயத்தோடு அது முடியவில்லை. மாங்காய்க்கு மருந்தடிப்பது, வேலி, கிணற்று மோட்டார் என்று எல்லாவற்றிலும் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது வருடம் ஆடிக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சனிக்கிழமை இடியோடு மழை. அண்ணன் விடியற்காலை முதல் ரயிலில் திருத்தணியில் வந்து இறங்கினான். ஸ்டேஷனிலிருந்து காவடிக் கூட்டம் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் புகுந்து என் ஸ்கூட்டியில் அவனைத் தோப்புக்குக் கூட்டிப் போனேன்.

பாவா புற்றடியில் குந்தியிருந்தார். கையில் அரிவாள். பக்கத்துக் கூடையில் பாதிக்கு மேல் வெள்ளை மொட்டுகள். அக்கா முந்தானையில் இன்னும் கொஞ்சம் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டியா," என்றாள் அக்கா. "உனக்கும் சேத்துதான் எடுத்துகினு இருக்கறோம்."

"எடுத்துக் குடுக்க நீங்க யாரு?" என்றான் அண்ணன். "கல்லுக்கு இந்தப் பக்கம் எதுக்கு கை வருது?"

பாவா நிமிராமலே சொன்னார், "வேர் கல்லுக்குக் கீழ எந்தப் பக்கம் போவுதுன்னு உன் தங்கச்சிய கேளு. அவதான் படிச்சவ."

அண்ணன் கூடையை உதைத்தான். அதோடு விடவில்லை. சிதறிய மொட்டுகளைச் செருப்புக் காலால் ஒவ்வொன்றாக நசுக்கினான். பாவா எழுந்ததும் அவர் கன்னத்தில் அறைந்தான். பாவா அரிவாளை வீசினார். ஓங்கி வெட்டியதுபோல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அண்ணனின் காதிலிருந்து தாடை வரை தோல் பிளந்து கீழே தொங்கியது. அவன் கையால் முகத்தைத் தாங்கிக்கொண்டு நின்றான். இரண்டாவது முறை அரிவாள் உயர்ந்தபோது அக்கா இடையில் பாய்ந்து அதன் வாயை உள்ளங்கையால் பிடித்தாள். பாவா இழுத்தார். அவள் விடவில்லை. விரல்களுக்குள் இரும்பு அறுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

என் கையில் ஹெல்மெட் இருந்தது. அதைக் கொண்டு பாவாவின் பின்மண்டையில் அடித்தேன். அவர் மண்டியிட்டார். மறுபடியும் அடித்தேன். அவர் குப்புற விழுந்த பிறகும் அடித்தேன். நான் யாரையும் அடித்தவள் இல்லை, பிள்ளைகளைக்கூட. ஆனால் அந்தக் கடைசி அடியில் எனக்கு இருந்தது பயம் இல்லை. ஒரு வெறியும் ஒரு சுகமும் இருந்தன. அதைப் பொய்யாக எழுத எனக்கு மனமில்லை. அக்காதான் அறுந்த கையாலேயே என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். "போதும் விடு, செத்துடப் போறாரு," என்றாள்.

திருத்தணிக்குள் வண்டி நுழைய வழியில்லை, திருவிழாவுக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் தன் மினி லாரியில் நான்கு பேரையும் ஏற்றி அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார். வெட்டியவரும் வெட்டுப்பட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். பாவாவுக்கு வழியெல்லாம் வாந்தி. அக்கா நல்ல கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு முகத்தில் தையல் போட்டார்கள். பாவாவை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அக்காவுக்குத்தான் போனது போனதுதான். நரம்பைச் சேர்த்துத் தைத்தும் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

அண்ணன் போலீசில் புகார் கொடுத்தான். ஸ்டேஷனில் விசாரித்த ஏட்டிடம் அக்கா சொன்னாள், "புல்லு அறுக்கறப்போ கை தவறிடுச்சிங்க. தம்பி தடுக்க வந்தான், அவன் மேலயும் பட்டுடுச்சி." பாவாவின் மண்டைக் காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். "வழுக்கி கல்லு மேல விழுந்துட்டாரு," என்றாள். ஏட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. ஆனால் அக்கா வாயைத் திறக்காவிட்டால் வழக்கு நிற்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் பொய்யால் பாவா தப்பித்தார், நானும் தப்பித்தேன்.

தையல் பிரித்த வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"அந்தப் புத்தைக் கொல்லணும். எங்க வெட்டினா சாவும்?"

"அது இன்னா பண்ணுச்சி அண்ணா?"

"அக்கா கையைப் பாத்தியா இல்லையா? சொல்லு."

பார்த்திருந்தேன். முந்தின நாள்தான் ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் அவள் சோற்றைக் கீழே சிந்தியதைப் பார்த்தேன். அந்தக் கோபத்தில் சொன்னேன். மேலே இடித்தால் ஒன்றும் ஆகாது, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பக் கட்டிவிடும். தரை மட்டத்தில் கெட்டியான மண் அறை ஒன்று இருக்கும், அதற்குள் ராணி. அதைச் சுற்றிப் பூஞ்சைத் தோட்டங்கள். ராணியைக் கொன்று, தோட்டத்தை வெளியே அள்ளி வெயிலில் போட்டால் மொத்தமும் முடிந்துவிடும்.

பாவா தறிக்குப் போயிருந்த ஒரு பகலில், அக்கா கைக்குப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்துப் போனோம். அண்ணன் கடப்பாரையை இறக்கினான். முதல் ஓடு உடைந்ததும் உள்ளிருந்து சூடான, ஈரமான காற்று முகத்தில் அடித்தது. உயிருள்ள ஒன்றின் மூச்சு போல இருந்தது. பெரிய தலைச் சிப்பாய்க் கறையான்கள் திரண்டு வந்து அவன் விரல்களைக் கவ்வின. உடலைப் பிய்த்தாலும் தலை தோலிலேயே தங்கியது. அவன் துடைத்துக்கொண்டு குத்தினான். வேலைக்காரக் கறையான்கள் அந்த நேரத்திலும் வாயில் ஈரமண்ணைக் கொண்டு வந்து உடைந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் குத்த, அவை ஒட்ட, அவன் குத்த.

தோட்டங்களை நான்தான் கையால் அள்ளினேன். மூளைபோல் மடிப்பு மடிப்பான பழுப்பு அடைகள், அவற்றின் மேல் கசகசா அளவில் வெள்ளை முத்துகள். படத்தில் மட்டுமே காட்டியதை அன்றுதான் கையில் தொட்டேன். ராணி கட்டை விரல் கனத்தில் இருந்தாள். நகர முடியாமல், வயிறு அலை அலையாகத் துடிக்க. அண்ணன் செருப்பை வைத்து அழுத்தினான். மஞ்சளாகப் பிதுங்கியது. அரை மணியில் எறும்புச் சாரி வந்து குஞ்சுகளைத் தூக்கத் தொடங்கியது. கரிச்சான்கள் வந்தன, காக்கைகள் வந்தன, பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடி வந்தன. ஒரு ஊரைக் கொள்ளையடிப்பதை நின்று பார்த்தோம். மீதியில் மண்ணெண்ணெய் ஊற்றி அண்ணன் தீ வைத்தான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தையல் தழும்பு இழுக்க, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஐப்பசி மழையில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். எரியாமல் மண்ணுக்குள் தங்கியிருந்த தோட்டங்களிலிருந்து கருப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாக எழுந்து நின்றன. வேறொரு பூஞ்சை. கறையான் உயிரோடு இருந்தவரை அடங்கிக் கிடந்தது, காவல் போனதும் மிச்சத்தைத் தின்று வளர்ந்துவிட்டது. வெள்ளைக் காளானின் தடம்கூட இல்லை.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். பாவா முற்றத்தில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா இடது கையால் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டேஷன்ல ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? அவரை உள்ள அனுப்பிட்டா, அடுத்தது உன்னை அனுப்புவாங்க. உன் வேலை போவும். அப்புறம் நான் யாரைப் பாக்கப் போறது?"

"அவரு இப்ப உன்னை அடிக்கறாரா?"

"இல்ல. பேசறதே இல்ல. என் கையைப் பாத்தா அந்தாண்ட திரும்பிக்கறாரு."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் சொன்னேன், "புத்தை எப்படிக் கொல்றதுன்னு அண்ணனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். கூட இருந்து அள்ளிப் போட்டதும் நான்தான்."

"ஆங், தெரியும்," என்றாள். "நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பாட்டுக்கு மேல நாலு குத்து குத்திட்டுப் போயிருப்பான்."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அரிந்த வெங்காயத்தை ஒதுக்க அவள் வலது கையை நீட்டினாள், விரல்கள் மடங்காமல் பலகைமேல் தட்டின. நான் எழுந்து கத்தியை வாங்கப் போனேன். அவள் தரவில்லை.

"நீ உக்காரு," என்றாள். "மழை வுட்டதும் கெளம்பு. அவன்கிட்ட இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லு, இப்போதைக்கு."