பதினாலாம் கூண்டின் மூன்று குட்டிகள்

எலியாருக்கு அப்பா விட்டுச்சென்ற ஒரே சொத்து பயம். வில்லங்கம் இல்லாத சொத்து. பங்கு கேட்டு யாரும் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் அதை நிம்மதியாக ஆண்டு அனுபவித்தார்.

பதவி உயர்வுக்கு நேர்காணல் என்றால், "எங்க அப்பாவுக்கும் நாலு பேர் முன்னாடி வாய் வராது" என்பார். ஸ்கூட்டர் பழகச் சொன்னால், "எங்க அப்பா சைக்கிளையே தள்ளிக்கிட்டுத்தான் போவார்." ஸ்கூட்டரை மனைவி ஓட்டினாள். அவர் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போனார்.

"செத்துப் பதினெட்டு வருஷமாச்சு. இன்னும் உங்களுக்கு லீவு லெட்டர் எழுதிக்கிட்டிருக்கார் உங்க அப்பா" என்பாள் அவள்.

ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் அவருக்கு வேலை. நாற்பது கூண்டுகள். தண்ணீர் மாற்றுவது, தீனி வைப்பது, மரத்தூள் படுக்கையை அள்ளிப் புதிதாகப் போடுவது. எலியார் என்ற பெயர் மேல்மாடிக்காரர்கள் வைத்த கேலி. அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். உலகத்தில் அவருக்குப் பயமில்லாத ஒரே இனம் எலிதான்.

அந்த வருஷம் மூன்றாம் மாடியிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். அவளுக்கு வேண்டியது தாய் எலிகள். சில தாய்கள் குட்டிகளை நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கும். சில, பெற்றதோடு சரி. நக்கப்பட்ட குட்டி வளர்ந்ததும் தைரியமாக இருக்கிறதா, நக்கப்படாதது பயந்து சாகிறதா என்று அவள் பார்க்க வேண்டும்.

"நான் சொல்ற வரைக்கும் குட்டிகளைத் தொடவே கூடாது அண்ணே."

"தைரியம் ரத்தத்துல வர்றதுதானே மேடம்? நக்கினா வந்துருமா?"

அவள் கூண்டில் தொங்கிய அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "மரபணுவை ஒரு புத்தகம்னு வெச்சுக்குங்க. அப்பா அம்மா குடுத்தது. எழுத்து மாறாது. ஆனா பக்கத்துக்குப் பக்கம் சீட்டு ஒட்டியிருக்கும். இதைப் படி, இதைப் படிக்காதேன்னு. தாய் நக்கறது, பட்டினி, பயம், இதெல்லாம் சீட்டை ஒட்டும், கிழிக்கும். சில சீட்டு அடுத்த தலைமுறைக்கும் ஒட்டிக்கிட்டுப் போகுதோன்னு ஒரு பேச்சு இருக்கு."

எலியாருக்குச் சொத்தின் பத்திரத்தில் யாரோ கை வைத்தது போலிருந்தது. "அப்போ எங்க அப்பாவோட பயம்?"

"நான் எலியைப் பத்திச் சொல்றேன் அண்ணே. மனுஷனுக்கு அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது."

பெருமூச்சு விட்டார். சொத்து தப்பியது.

பதினாலாம் கூண்டுக்காரி பெற்றதோடு சரி என்ற வகை. எட்டுக் குட்டிகள். இரண்டாம் நாள் காலையில் மூன்று குட்டிகள் மூலையில் தனியாகக் கிடந்தன. விரல் நுனி அளவு, ரோமமில்லாமல், சிவப்பாக. தாய் முதுகைக் காட்டிக்கொண்டு தின்றாள். அதே நாளில் எட்டுப் பெற்ற ஒன்பதாம் கூண்டுக்காரியோ எதையும் விட மாட்டாள். தண்ணீர் மாற்றப் போனால் எலியாரின் கையுறையையே நக்குவாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூன்றையும் எடுத்து, ஒன்பதாம் கூண்டின் மரத்தூளில் புரட்டி, அவளிடம் வைத்தார். எண்ணிக்கை உதைக்குமே என்று அங்கிருந்து மூன்றை எடுத்துப் பதினாலில் வைத்தார். ஆறுக்கும் வாலில் மையால் ஒரு புள்ளி. மை மங்க மங்கத் திரும்ப வைத்தார். மூன்று வாரம் கழித்து, காதில் எண் போடுவதற்கு முந்தின நாள், ஆறையும் பிறந்த கூண்டுக்கே திருப்பி வைத்தார். எண் போட்டதும் அந்த ஆறு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

குட்டிகள் வளர்ந்தன. ஆராய்ச்சிக்காரப் பெண் ஒவ்வொன்றாக ஒரு பெரிய வெள்ளைப் பெட்டியில் விட்டாள். தைரியசாலி நடுவே நடந்து போகும். பயந்தது சுவரை உரசிக்கொண்டே சுற்றும். பதினாலில் பிறந்த மூன்று நடுவில் உட்கார்ந்து மீசை துடைத்தன. ஒன்பதில் பிறந்த மூன்று, எலியாரைப் போலவே சுவரோடு சுவராக நின்றன. அந்த மூன்றையும் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் கீழே வந்து அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நாளைக்கு நிலையத்துப் பெரியவர் முன்னாடி வெக்கணும் அண்ணே. மத்த கூண்டெல்லாம் சரியா வருது. ஒம்பதும் பதினாலும்தான் உதைக்குது. தாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இதோட நிறுத்துன்னுடுவார். மூணு வருஷம்."

எலியார் தண்ணீர்ப் புட்டியைக் கழுவினார். கழுவியதையே திரும்பக் கழுவினார்.

வீட்டில் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா வேலை போயிடும். எங்க அப்பாவா இருந்தா..."

"உங்க அப்பாவா இருந்தா கட்டிலுக்கு அடியில இருந்திருப்பார். அது எனக்குத் தெரியும். நீங்க என்ன செய்யப்போறீங்க?"

"எங்க வம்சமே..."

"அந்தப் பொண்ணு மூணு வருஷமா எதைத் தேடுதுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? எலிக்குட்டிக்கே பயம் போகுதாம். உங்களுக்கென்ன?"

வெள்ளிக்கிழமை காலை எலியார் மூன்று மாடி ஏறினார். படிக்கட்டில்தான், லிஃப்டுக்கும் பயம். அவள் ஒரு தாளை முறைத்துக்கொண்டிருந்தாள். தாள் முழுக்கப் புள்ளிகள், எலிக்கு ஒன்று; நடுவே ஒரு கோடு. அவர் கதவின் கீலைப் பார்த்துப் பேசினார்.

"மேடம், ஒரு எலி விஷயம்."

"எந்த எலி?"

"ஆறு எலி."

சீட்டை நீட்டினார். நடந்ததைச் சொன்னார். அவள் எண்களைப் புள்ளிகளோடு ஒத்துப் பார்த்தாள். கோட்டை விட்டு விலகி நின்ற ஆறு புள்ளிகளும் அவைதான். வளர்த்தவளைப் போலவே வளர்ந்திருந்தன. பெற்றவளைப் போல ஒன்றுகூட இல்லை.

அவள் சீட்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"ஏன் தொட்டீங்க?"

"மூலையில கிடந்து கத்திச்சு மேடம்."

"எலிக்குட்டி கத்தறது நம்ம காதுக்குக் கேக்காது அண்ணே."

"பார்த்தா தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "தெரிஞ்சு செஞ்சிருந்தா இதுக்குப் பேரு பரிசோதனை. நீங்க பண்ணதுக்குப் பேரு கலப்படம். ரெண்டு கூண்டையும் கணக்குல சேக்க முடியாது." பதினாறு புள்ளிகளை அடித்தாள். மிச்சம் இருந்தவை கோட்டில் சமர்த்தாக நின்றன. "ஒம்பதாம் கூண்டுக்காரி கடிக்காம எப்படி ஏத்துக்கிட்டா?"

"அவ மரத்தூள்ல புரட்டித்தான் வெச்சேன். அவ வாசனை ஏறிடும்ல."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எலியாரின் பெயர் உட்பட. அவர் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. எலியாருக்கு ஒரு மெமோ வந்தது. கூடவே ஓர் உத்தரவும்: அடுத்த ஈற்றில் குட்டிகளை மாற்றி வைக்க வேண்டும், முறையாக, பதிவேட்டில் எழுதி, அவர் கையாலேயே.

சாயங்காலம் மனைவி நிலைய வாசலில் ஸ்கூட்டரில் காத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"மயக்கம்?"

"வரலை." அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அவள் இறங்கிச் சாவியை நீட்டினாள். "அப்போ பிடிங்க. இனிமே உங்க அப்பா பேச்சை எடுக்கக் கூடாது."

எலியார் சாவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம் சொன்னது எலிக்குத்தான். மனுஷனுக்கு அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாதாம்."

மனைவி ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.