பழிவாங்க வைத்த லென்ஸ்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், இன்று ஓசூரில் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் லேத் பட்டறை முதலாளி. அப்பேர்ப்பட்ட என் எதிரிலேயே, ராயக்கோட்டையிலிருந்து தன் மகனுக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், "சோடாபுட்டிக் கண்ணாடிப் பொண்ணு எங்க வூட்டுக்கு வேணாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை அதேபோல அவமானப்படுத்தாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

என் மகளின் பவர் மைனஸ் பதினான்கு. கருவிழி மெல்லியதாக இருப்பதால் லேசர் சரிவராது, கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்றார் பெங்களூரு டாக்டர். மகளும் சம்மதித்தாள். ஆபரேஷன் முடிந்து கண்ணாடி இல்லாமல் வந்தவளைப் பார்த்ததும், எனக்கு அந்த அம்மாளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தரகரிடம் சொல்லி அதே குடும்பத்தை மறுபடி வரவழைத்தேன். அம்மாள் வாயெல்லாம் பல்லாக, "பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்கா. எங்களுக்குச் சம்மதம்" என்றாள். "உங்க பையன் எங்களுக்கு வேணாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "உள்ள லென்ஸ் வெச்சிருக்குதுங்க. கண்ணு அதே மைனஸ் கண்ணுதான். வருசா வருசம் ரெட்டினா செக்கப் பண்ணணும். பொறக்கற கொழந்தைக்கும் வரலாங்க."

அம்மாள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டாம் முறையும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள்!

"எதுக்கும்மா சொன்ன?" என்று கத்தினேன்.

"நான் பாக்கறதுக்கு வெச்ச லென்ஸு நைனா. நீ பழி தீத்துக்க இல்ல."

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகியும், "இப்ப எப்படிம்மா தெரியுது?" என்று மகளை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.