கஞ்சித் தண்ணீர் ஊற்றிய தெருவில் என் சைக்கிள்

"மழை பிடிக்கட்டும் டீச்சரம்மா. அப்புறம் பார்ப்போம், இந்தச் சவாரி எத்தனை நாளைக்குன்னு."

எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்தும் தமிழர் சபையின் செயலாளர் தாமோதரம் சென்ற சித்திரையில் தம் வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னார். வாயில் வெற்றிலை இருந்தது. சொல்லி முடித்ததும் துப்பினார். அவர் துப்பிய இடத்திற்கும் என் சைக்கிளின் முன் சக்கரத்திற்கும் ஒரு முழம்தான் இருக்கும். அதை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ரங்கூன் மழையை முதலில் சொல்ல வேண்டும். கமுதிப் பக்கத்தில் நாம் மழைக்காக வானத்தைப் பார்த்தோம். இங்கே மழை எப்போது விடும் என்று வானத்தைப் பார்க்கிறோம். வைகாசி நடுவில் தொடங்கினால் ஐப்பசி வரை விடாது. ஒரே வாரத்தில் செங்கல் பாவிய பாதைகள் எல்லாம் பச்சையாகிவிடும். அந்தப் பாசி கண்ணுக்கு வெல்வெட்டுப் போல இருக்கும். கால் வைத்தால் எண்ணெய். பெரிய மனிதர்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். ஊரில் முள் குத்தி நொண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்; தரை வழுக்கி இடுப்பு ஒடிந்தவர்களை இங்கே வந்துதான் பார்த்தேன்.

எனக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள். காலை ஆறரை மணிக்கு அலோன் அரிசி மில்லின் லயன்களில், அதாவது வரிசை வீடுகளில், கூலிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம். அதன் பிறகு பத்து மணிக்கு நகரத்துக்குள் இன்னொரு பள்ளிக்கூடம். நாங்கள் குடியிருப்பது லத்தா தெருவுக்கு அடுத்த சந்தில். முதல் டிராம் எனக்கு உதவாது. டிராம் இறக்கிவிடும் இடத்திலிருந்தும் ஆற்றை நோக்கி ஒரு மைல் நடக்க வேண்டும். லயன் பள்ளிக்கூட வேலையைத் தாமோதரம் எனக்கு மனசாரக் கொடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரீட்சை தேறி, சர்ட்டிபிகேட்டோடு போய் நின்றேன். அவர் தங்கை மகனோ பரீட்சையில் இரண்டு முறை தவறியவன். வேறு வழியில்லாமல் எனக்குக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். மழைக்காலம் முடிவதற்குள் மூன்று நாள் தாமதமாக வந்தால் வேலை தங்கை மகனுக்குப் போய்விடும். வருகைப் புத்தகத்தில் தாமதத்துக்குச் சிவப்பு மையில் கோடு போடுவதும் அவரேதான்.

சைக்கிள் என்னோடு படித்த கரேன் இனத்துப் பெண் எஸ்தரிடமிருந்து வந்தது. அவள் கல்யாணமாகி மாவ்பிக்குப் போனபோது எனக்கு விட்டுப் போனாள். பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் கயிற்று வலை கட்டியிருந்த பெண்கள் சைக்கிள். அதன் விளக்கை ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருந்தாள். தாளைப் பிரித்தவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தாளைப் படித்தேன். ஸ்காட்லாந்திலோ எங்கேயோ, குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும் பாதையில் சைக்கிள் விடுவது எப்படி என்று ஒரு துரைசாணி எழுதியிருந்தாள். சோடாக் கடையில் மரத்தூளுக்குள் கிடக்கும் ஐஸ் கட்டியைத் தவிர நான் ஐஸைப் பார்த்ததில்லை. அன்று மாலையே கடைக்குப் போய், கடைக்காரர் முறைக்க முறைக்க அந்தக் கட்டியின் மேல் செருப்பை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் பாசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தத் துரைசாணி எழுதியதும் நான் விழுந்து கற்றதும் சேர்ந்து இதுதான். இங்கே சைக்கிள் வாங்க நினைக்கும் பெண்கள் குறித்துக்கொள்ளலாம். சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். தளர்ந்த சக்கரம் தரையை அதிகம் பிடிக்கும். இரண்டு பாதமும் தரையில் ஊன்றும்படி ஆசனத்தைத் தாழ்த்துங்கள். வழுக்கும் இடம் வருமுன்பே வேகத்தைக் குறையுங்கள். வந்த பிறகு முன் பிரேக்கைத் தொடவே கூடாது. அங்கே கைப்பிடியைத் திருப்பாதீர்கள். மிதிப்பதை நிறுத்தவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். சக்கரத்துக்கு அடியில் பார்க்காமல் பத்துக் கஜம் தள்ளிப் பாருங்கள். சைக்கிள் சாய்ந்துவிட்டால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கையை விட்டுவிடுங்கள்.

டிராம் தண்டவாளத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. என் தகப்பனார் டிராம் பாதையில் சேறு வழிக்கும் வேலை பார்ப்பவர். கையெழுத்துக்கு ரேகை வைப்பவர். முதல் மழை நாளில் வாசல் வரை வந்து, "அந்தப் பள்ளத்துல சக்கரம் எறங்கிருச்சுன்னா உன்னாலயும் எடுக்க முடியாது, என்னாலயும் எடுக்க முடியாது தாயி. நேர் குறுக்க வெட்டிப் போயிரு" என்றார். குறுக்கே வெட்டித்தான் போனேன். வைகாசி முழுக்க ஒரு முறைகூட விழவில்லை. தாமோதரம் வராந்தாவில் கடிகாரத்தோடு நிற்பார். ஆறு இருபதுக்கு நான் அவரைக் கடப்பேன். வணக்கம் சொல்லமாட்டேன், மணியை மட்டும் அடிப்பேன்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தேன். லயன் தெருவுக்குள் நுழைந்து அவர் வீட்டைத் தாண்டும் இடத்தில், சக்கரம் இரண்டும் என்னை விட்டுத் தனியாகப் போயின. முழங்கால் பிளந்தது. பிள்ளைகளின் காப்பி நோட்டுகள் சாக்கடையில் மிதந்தன. தெருமுனையில் மீன் சாற்றில் அரிசிச் சேமியா போட்ட மொஹிங்கா விற்கும் பர்மாக்காரி டோ மியா ஓடிவந்து நோட்டுகளைப் பொறுக்கினாள்.

தாமோதரம் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. "அடி பட்டுச்சா? அடடா. மணி ஆறு முப்பத்தஞ்சு ஆகுது டீச்சரம்மா" என்றார். முதல் சிவப்புக் கோடு.

அடுத்த வாரம் அதே இடம், அதே வழுக்கல், இரண்டாவது கோடு. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

லயன் பெண்கள் தங்கள் மேல் பழியைப் போட்டுக்கொண்டார்கள். கொட்டும் மழையிலும் விடியற்காலையில் சாணம் கரைத்து வாசல் தெளிப்பதை அவர்கள் விடுவதில்லை. மழையே தெருவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தெளிப்பானேன் என்று பர்மாக்காரர்கள் சிரிப்பார்கள். ஊரை விட்டு வந்தாலும் வாசலை விட முடியாது என்பது இவர்கள் எண்ணம். "எங்க சாணித் தண்ணிதான் உங்களைத் தள்ளிருச்சு டீச்சர். இனிமே வாசலோட நிறுத்திக்கிறோம், தெருவுக்கு வராது" என்றாள் சமையற்காரர் மாடசாமியின் மனைவி முத்தாயி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விழுவதானால் பர்மாக்காரர் பாதையில் விழுவேன் என்று நினைத்திருந்தேன். டோ மியாவோ தன் கடை முன்னால் தினமும் பாசியைச் சுரண்டி ஆற்று மணல் போட்டு வைத்திருந்தாள். நான் விழுந்தது என் சொந்த மனிதர்களின் வாசலில்.

அந்த வாரம் டோ மியா என்னை நிறுத்தி ஏதோ சொன்னாள். அப்போது என் பர்மியப் பேச்சு கடைவீதி அளவுதான். அவளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. பெரிய பானையை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்ப்பது போல் காட்டி, தாமோதரம் வீட்டைச் சுட்டினாள். பிறகு சோறு உண்பது போல் விரல்களைக் குவித்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த வீட்டில் கஞ்சி ஊற்றுகிறார்கள், போய் வாங்கிக் குடி என்று இந்தியக் கூலிப் பெண்ணுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "நான் டீச்சர். பிச்சைக்காரி இல்லை!" என்று தமிழிலேயே கத்திவிட்டு மிதித்தேன். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

மறுநாள் அரை மணி முன்னதாகக் கிளம்பினேன். கோபத்தில் தூக்கம் வராததால் கிளம்பினேன், வேறு காரணமில்லை. லயன் தெருவுக்குள் நுழையும்போது, செயலாளர் வீட்டில் சமைக்கும் மாடசாமி சோறு வடித்த கஞ்சியை இரண்டு பெரிய பானையில் கொண்டுவந்து தெருவின் அகலத்துக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். மில் மேஸ்திரிகள் இருபது பேர் சாப்பிடும் வீட்டுக் கஞ்சி. பாசியின் மேல் அது வழவழவென்று படர்ந்தது. என்னைப் பார்த்ததும் மாடசாமி பானையைக் கீழே வைத்துவிட்டார்.

"எதுக்கு அண்ணே இங்க ஊத்துறீங்க? சாக்கடை அந்தப் பக்கம்ல இருக்கு?"

அவர் என்னைப் பார்க்காமல், "ஐயா இங்கதான் ஊத்தச் சொன்னாக" என்றார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு டோ மியா கடை ஓரமாக மணலில் நடந்து பள்ளிக்கூடம் சேர்ந்தேன். அவளிடம் கை கூப்பினேன். அவள் ஒரு கிண்ணம் மொஹிங்காவை நீட்டினாள். சாப்பிட்டேன்.

செயலாளரிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். 'வாசல் தெளிக்கிறது குத்தமா?' என்று சிரித்திருப்பார். சபைப் பெரியவர்களிடம் சொல்லியிருக்கலாம். அவர்கள் அவர் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அவர் வீட்டு முன்னால் உள்ள இருபது கஜத்தையும் மணல் ஓரமாகவே உருட்டிக் கடந்தேன். ஆடி மாதம் சர்க்கார் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. சென்னைக்காரர், தமிழ் படிக்கத் தெரிந்தவர். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பயிற்சிக்கு ஒரே வாக்கியம் கொடுத்தேன்: 'சோறு வடித்த கஞ்சியைத் தெருவில் ஊற்றக் கூடாது.' பதினெட்டுப் பெண்களும் பத்து நாள் அதையே எழுதினார்கள். பழிவாங்கும் வேலை எனக்கு இவ்வளவு இனிக்கும் என்று நான் நினைத்ததில்லை. கொம்பும் காலும் கோணினால் அழித்து மறுபடி எழுதச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தாமோதரம் கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். பதினெட்டு சிலேட்டுகளும் ஒன்றாக உயர்ந்தன. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"கையெழுத்து நன்றாக இருக்கிறது. சுகாதாரப் பாடமா?" என்றார்.

முன் வரிசையில் இருந்த செல்லியைக் கை காட்டினேன். நன்றாக வாய் பேசும் பெண். "நீ சொல்லு."

"எங்க தெருவுல ஊத்துறாங்க சார். டீச்சர் சைக்கிள்ள வரையில வழுக்கி விழணும்னுட்டு. ரெண்டு தடவ விழுந்தாங்க சார். சிகப்புக் கோடு போட்டாங்க."

"யார் ஊற்றுவது?"

"எங்கப்பாதான் சார் ஊத்துவாரு. செகரட்டரி ஐயா ஊத்தச் சொன்னாரு."

செல்லி மாடசாமியின் மகள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கையைக் காட்டிய அந்த நொடியில், அவள் வாய் நன்றாகப் பேசும் என்பது மட்டுமே என் நினைவில் இருந்தது. தாமோதரத்தின் முகம் வெற்றிலைச் சாற்றைவிடச் சிவந்தது. இன்ஸ்பெக்டர் வருகைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு சிவப்புக் கோடுகளின் மேலும் தம் பேனாவால் குறுக்கே அடித்தார். இந்த ஆசிரியையை நிரந்தரமாக்கலாம் என்று அங்கேயே எழுதினார். அன்று மழை கொட்டியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் செல்லி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. லயனுக்குப் போனேன். மாடசாமியை அன்று மாலையே வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள். மில்லில் நெல் மூட்டை தூக்கப் போயிருந்தார். அடுப்பில் கரண்டி பிடித்த தோள் மூட்டைக்கு எத்தனை நாள் தாங்கும்? முத்தாயி வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஒங்க பழி தீந்துச்சா டீச்சர்?"

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு அக்கா."

"எதுக்கு? இன்னொரு தடவ எந்திரிச்சு நின்னு யாரு சோத்துல மண்ணு போடச் சொல்லப் போறீங்க?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினேன். ஊரில் உள்ளவர்கள் நான் மனம் திருந்தினேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்கலாம். திருந்தவில்லை. செல்லியைக் கை காட்டியதற்கு வெட்கப்படுகிறேன். தாமோதரத்துக்கு நேர்ந்ததற்கு வெட்கப்படவில்லை. நான் செய்தது பாதி வேலை. அவருக்கு ஒரு நாள் அவமானம், அவ்வளவுதான். நாற்காலி அவரிடமே இருக்கிறது. அவர் சொல்லுக்கு மாடசாமிகள் ஊற்றுவார்கள், பிறகு மாடசாமிகளே தெருவில் நிற்பார்கள்.

சபையின் விதிகளை வாங்கிப் படித்தேன். செயலாளர் ஆக விரும்புகிறவர் தமிழராக, ரங்கூனில் குடியிருப்பவராக, எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆணாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். லயனில் சபை ஓட்டுள்ள ஆண்கள் முப்பது பேருக்கு மேல் உண்டு. அவர்கள் பெண்பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். செயலாளர் பதவிக்கு என் பெயரை முன்மொழிய முதலில் ரேகை வைத்தவர் மாடசாமி. முத்தாயி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மறுநாள் காலை செல்லி வகுப்பில் இருந்தாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். தற்போதைய செயலாளர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. தாமோதரம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு விரலை 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் வைத்தார். இங்கே நாற்பது வருடம் இருந்தவர்கள்கூட அந்தக் கட்டத்தில் தாங்கள் விட்டுவந்த ஊரைத்தான் எழுதுவார்கள். நான் ரங்கூன் என்று எழுதிவிட்டு, அதே கட்டத்தில் கமுதி என்றும் எழுதியிருந்தேன். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

"ரெண்டு ஊர் போடக் கூடாதும்மா. ஒண்ணை அடிச்சுட்டுக் குடு."

"எதை அடிக்கிறதுன்னு எனக்குத் தெரியலைங்க. இப்படியே வாங்கிக்குங்க" என்றேன்.

கட்டத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு வாங்கிக்கொண்டு, விண்ணப்பம் வந்து சேர்ந்த தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார்.