பென்னியின் டிரம்ஸும் கொருக்குப்பேட்டை ரயிலும்

பென்னி போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில்தான். எங்கள் மெட்டல் இசைக்குழுவான 'காயலான்கடை'யின் இரண்டாவது ஆல்பம் 'நல்ல தண்ணி' அப்போதுதான் வெளியாகியிருந்தது. முதல் ஆல்பமான 'கரித்தூள்' அளவுக்கு இல்லை என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறக்குறைய அதையே ஒரு பக்கத்துக்கு எழுதி அன்று காலை அவனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. கோபித்துக்கொண்டான், சாயங்காலம் டீக்கடையில் சரியாகிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு பல் துலக்கப் போனேன். திரும்பி வந்தால் அவன் மனைவி ஷீலாவின் தம்பி போனில் அழுகிறான். எண்ணூர் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன் பென்னி. காலை ஷிப்டுக்குப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். இதென்ன அநியாயம்! சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா அவன்?

நான் அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவன், பாட்டு எழுதுபவன். அவன் டிரம்ஸ். அவனை அறிந்த நீங்கள் எல்லோரும் என் மீது வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: இந்த ஒரு மாதமாக நீங்கள் எழுதிய அஞ்சலிகளைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'சரக்கு ரயிலைத் தாளமாக்கிய கலைஞன்' என்கிறார் ஒருவர். 'அந்த ரயில் நின்றுவிட்டது' என்கிறார் இன்னொருவர். ஐயா, பென்னி டிரம்ஸ் வாசித்தான். ரயிலை ரயில்வேக்காரர்கள் ஓட்டினார்கள்.

'கரித்தூள்' ஆல்பத்தைக் கொருக்குப்பேட்டையில் ஒரு மாவு மில்லின் மாடி அறையில் பதிவு செய்தோம். தண்டவாளம் பக்கத்திலேயே. ஜன்னலுக்கு ஒரு பக்கம் கதவே இல்லை. சாக்கைத் திணித்து வைத்தோம், மெத்தையைச் சாய்த்து வைத்தோம், ஒன்றும் வேலைக்காகவில்லை. தலைப்புப் பாடலை வாசித்துக்கொண்டிருக்கும்போது சரக்கு ரயில் வந்து, பின்பாதி முழுக்க டிரம்ஸை விழுங்கிவிட்டது. மறுநாள் அறையைக் காலி செய்ய வேண்டும். மறுபடி வாசிக்க நேரமில்லாமல் அப்படியே விட்டோம். ஆல்பம் வந்தபின் ஒரு விமர்சகர் அந்த ரயிலை 'தொழிற்பேட்டையின் இதயத்துடிப்பு' என்று எழுதினார். அதைப் படித்துக் காட்டியபோது பென்னி வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டான்.

"தோடா! நம்ம பாட்டுக்கு எழுதல மாமு. ஜன்னலுக்கு விமர்சனம் எழுதிக்கீறான்."

முதலில் அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக எரிச்சலாகிவிட்டது. தென்சென்னையில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நடுப்பாட்டில் அமைப்பாளர்கள் லேப்டாப்பிலிருந்து ரயில் சத்தத்தை ஓடவிட்டார்கள். கூட்டம் விசிலடித்தது. பென்னி குச்சிகளைத் தொடையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். மைக்கை இழுத்து, "ரயில பாக்கணும்னா பேசின் பிரிட்ஜ் போங்கப்பா, நிறைய வரும்" என்றான். அதற்கும் கைதட்டினார்கள். அவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

அதனால்தான் 'நல்ல தண்ணி'க்கு ஒழுங்கான ஸ்டுடியோ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கதவைச் சாத்தினால் மூச்சுச் சத்தம் கேட்கிற இடம். முதல் பாடலை வாசித்துவிட்டு, ஹெட்போனில் போட்டுக் கேட்டான். திரும்பவும் போடச் சொன்னான். நான் ஏதோ தப்பு கண்டுபிடித்துவிட்டான் என்று பயந்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் வாசிக்கிறது இன்னாங்கிறது எனக்கே இன்னிக்குதான் மாமு கேக்குது."

பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்நேர் டிரம்மில் விரல் நுனியால் தட்டியதுபோல் அவன் போடும் சின்னச் சின்ன அடிகளை, பக்கத்தில் நின்று அத்தனை வருஷம் வாசித்த நானும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஆல்பம் வெளிவந்தது. வடசென்னையின் அழுக்கு காணாமல் போய்விட்டது என்று எழுதினார்கள். "அழுக்கு வேணும்னா எர்ணாவூர்ல வந்து குடியிருக்கச் சொல்லு" என்று கத்தினான் பென்னி. அந்தக் கோபம் நியாயம். ஆனால் என் கருத்து வேறு, அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். 'கரித்தூள்' சட்டையைப் பிடித்து உலுக்கும். 'நல்ல தண்ணி'யில் நடுவில் இரண்டு பாடல்கள் இழுவை. என் வரிகளிலும் உபதேசம் அதிகம். டீக்கடையில் நின்று இதையெல்லாம் அடுக்கிவிட்டு, "அதுல இருந்த வெறி இதுல இல்ல பென்னி" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அது வெறின்னு எவன்டா சொன்னான்? பயம் மாமு. அடுத்த வண்டி வரதுக்குள்ள பாட்ட முடிக்கணுமேன்னு வேகமா ஓட்டினேன். மெய்யாலுமே நான் நினைச்ச வேகம் இதுல கீறதுதான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த வேகத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை அழகாக எழுதியிருக்கிறார்கள்! ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பயத்தில் வாசித்திருந்தாலும் அதுதான் நன்றாக இருக்கிறது என்றேன். "போடா கய்தே" என்றான். அதைத்தான் அவன் செத்துப்போன அன்று காலை அனுப்பிய மெசேஜிலும் தொடர்ந்துகொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். ஏற்பாடு செய்தவர்கள் எங்கள் ரசிகர்கள், நல்ல பிள்ளைகள். அவர்களில் ஒரு பையன் லேப்டாப்பில் 'கரித்தூள்' தலைப்புப் பாடலைப் போட்டான். ரயில் வரும் இடத்தில் சத்தத்தைக் கூட்டினான். ஹால் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஷீலா எழுந்தாள்.

"தம்பி, அந்த ரயில நிறுத்துப்பா."

"அக்கா, அது பாட்டுல வர்ற சவுண்டுக்கா. அதான் அண்ணனோட அடையாளமே."

"இன்னாது, அடையாளமா? அது ரயிலு. எங்க வூட்டாண்ட நாள் முச்சூடும் போய்கினு கீது. இவுரு வாசிச்சது எங்க? அத்த மட்டும் போடு."

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "தனியா பிரிக்க முடியாதுக்கா. ரெண்டும் ஒண்ணா பதிவாயிருக்கு."

யாரோ ஷீலாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போய் அந்த லேப்டாப்பில் 'நல்ல தண்ணி'யின் மூன்றாவது பாடலைப் போட்டேன். நான் இழுவை என்று சொன்ன பாடல்களில் ஒன்று அது. பின்வரிசையில் சிலர் போனை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பினார்கள். ஷீலா தலையைக் குனிந்தபடி கேட்டாள். அந்தச் சின்ன அடிகள் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்ததான் சோத்துத் தட்டுல தட்டிகினே இருப்பாரு. நிறுத்துய்யான்னு கத்துவேன்" என்று சொல்லி, உடைந்து அழுதாள். நானும் அழுதேன்.

வெளியே வந்தபோது ஒருவர், இத்தனைக்கும் பிறகு, இரண்டில் எது சிறந்த ஆல்பம் என்று என்னைக் கேட்டார். 'கரித்தூள்' என்றேன். செத்துப்போனான் என்பதற்காகப் பொய் சொன்னால் பென்னி என்னை மன்னிக்க மாட்டான். அந்த ஆல்பத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கொண்டாடுங்கள், அது உங்களுக்கு. இழுவையான இந்த இரண்டு பாடல்களையும் நான் வைத்துக்கொள்கிறேன். என் நண்பன் வாசிப்பது எனக்குக் கேட்க வேண்டும்.