ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து இருந்து எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கூடப்பிறந்த தம்பி என்றாலும் அப்படித்தான்.

தம்பி வடமதுரை ரோட்டில் நர்சரி வைத்திருக்கிறான். எங்கள் தோட்டத்துக்கு அவனே மாங்கன்றுகள் கொண்டுவந்து நட்டான். செந்தூரம் நாலு, கல்லாமை நாலு, இமாம்பசந்த் நாலு. என் ஆசையெல்லாம் இமாம்பசந்த் மேல். சந்தேகமும் அதன் மேல்தான். எல்லாம் ஒரே பச்சையாக நிற்கிறது, எது எதுவென்று அவன் சொல்வதுதானே? இலையைக் கசக்கி மோந்து பார்த்தேன். மாயிலை வாசம் வந்தது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது தண்டில் ஒரு முடிச்சைத் தொட்டுக் காட்டினான். "இதுதான்க்கா ஒட்டுக் கட்டுன எடம். இதுக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளிப் போட்ரு."

தளதளவென்று வருகிற துளிரை எவனாவது கிள்ளச் சொல்வானா? கன்று செத்தால் திரும்ப அவனிடம்தானே போகணும்! ஆகா, என்கிட்டயேவா! இமாம்பசந்தில் மூன்றுக்குத்தான் கீழே துளிர் வந்தது; கிள்ளாமல் விட்டு வளர்த்தேன். அது விறுவிறுவென ஏறியது. மேலே இருந்தது சோனியாக நின்றது. அருவாளை எடுத்து மேலதை ஒரே வெட்டு. அம்புட்டுப் பெருமை எனக்கு.

வருசங்கள் கழித்துக் காய்த்தது. மூன்றிலும் ஒரே நார், பல் கூசும் புளிப்பு. நாலாவது மரத்தில் மட்டும் அசல் இமாம்பசந்த். அப்போதாவது புத்தி வந்ததா? ஒன்றை நல்லதாகக் காட்டிவிட்டு மூன்றில் ஏமாற்றிவிட்டான் என்றுதான் தோன்றியது.

அவன் மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தவனிடம் சொந்தபந்தம் முன்னாலேயே கேட்டேன். "அக்காவுக்கே போலிக் கன்னு குடுத்தவன் ஊருக்கு என்னத்தடா குடுப்ப?" அவன் கரண்டியோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான். அங்கே சாப்பிட்டவர்களில் பலர் அவனிடம் கன்று சொல்லி வைத்திருந்தவர்கள். ஒவ்வொருத்தராக வேண்டாம் என்றுவிட்டார்கள். நர்சரியில் கன்றுகள் விற்காமல் கிடந்தன.

ஒரு மாசம் கழித்துத் தோட்டத்துக்கு வந்தான். மூன்று மரத்தின் தூரிலும் குத்தவைத்துப் பார்த்தான். "இப்ப நிக்கிறது அடியில இருந்த நாட்டுக் கன்னு. நான் ஒட்டுனது இந்தா, இந்த மொட்டைக் கட்டை. யாருக்கா வெட்டுனது?"

"ஆடு கடிச்சிருக்கும்."

"ஆடு இம்புட்டு வாட்டமா வெட்டாதுக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "நான்தாண்டா வெட்டுனேன். செடி சாகட்டும்னுதான் நீ கிள்ளச் சொல்றன்னு நெனச்சேன்."

"என்னையவா அப்பிடி நெனச்ச?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன். தப்பு என்னுது, வெட்டினது நான், அவன் கொடுத்தது அசல் கன்று என்று. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்தார்.

"என்ன இருந்தாலும் ரத்த பாசம். தம்பி பொழப்புக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க டீச்சர்."

சத்தியமாய்ச் சொல்கிறேன் என்றேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.