சேலைக்குள்ள சுத்தின துவக்கு

போன மாரியில, சோளன் முத்துற நேரம், செங்கலடிச் சந்திக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில நடந்த சங்கதி இது. நான் படிச்ச ஆளில்ல. நான் சொல்லச் சொல்ல மனிசிதான் எழுதுறா. இடையில என்னப் பத்திக் கேவலமா ஏதும் வந்தா அது அவ சேத்ததாத்தான் இருக்கும். அனேகமா உண்மையாவும் இருக்கும்.

எங்களுக்குக் கரடியனாத்துப் பக்கம் ஒரு சேனை. சோளன் போட்டிருந்தம். யானையெண்டா ஒரேயடியா வந்து முடிச்சிட்டுப் போயிரும், அதில ஒரு மரியாத இருக்கு. குரங்கு அப்பிடியில்ல. ஒரு பொத்திய உரிக்கும், ஒரு கடி கடிக்கும், என்ன ஒரு பார்வை பாக்கும், மறுகா அத எறிஞ்சிட்டு மற்றதப் புடுங்கும். நான் கத்தினாலும் ஓடாது. எண்ட மூஞ்சயப் பாத்திட்டு சொந்தக்காரன் எண்டு நினைக்கிதுகளோ தெரியா.

அதுக்கு ஒரு சாமான் இருக்கு. பிளாஸ்டிக் குழாயில செய்றது. உள்ளுக்க கொஞ்சம் காபைட்டுக் கல்லப் போட்டு, தண்ணி உட்டு, லைட்டரத் தட்டினா டமார் எண்டு கேக்கும். குண்டும் இல்ல, ஒண்டும் இல்ல. சத்தம் மட்டும்தான், என்னப் போல. எங்கட பக்கம் சத்தம் போடுற எதுக்கும் துவக்குத்தான் பேர், அதால இது குரங்குத் துவக்கு. டவுனில ஒருத்தர் செஞ்சு விக்கிறார், அவர்ட்ட வாங்கினன். பஸ்ஸில ஏத்த மாட்டாங்க எண்டு மனிசிட பழைய சேலையால சுத்தி, பச்சப் புள்ளையத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து சந்தியில இறங்கினன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்திச்சி. தேத்தண்ணி குடிப்பம் எண்டு கடைக்குள்ள போனன்.

அண்டைக்குத்தான் அந்தச் செய்தி வந்த. ஒரு வெளிநாட்டில பெரிய கடைத்தொகுதிக்குள்ள ஒருத்தன் துவக்கோட புகுந்து, கண்ட ஆக்களையெல்லாம் சுட்டுப்போட்டானாம். சின்னஞ்சிறுசுகளும் செத்திட்டுதுகளாம். கடையில இருந்த சனம் முழுக்க டீவீயப் பாத்தபடி ஒரே வாக்குவாதம்.

"ஆளாளுக்கு ஒண்டு வெச்சிருந்தா அவன அந்த இடத்திலயே முடிச்சிருப்பாங்க" எண்டு ஒரு வயக்காரர்.

"பாண் விக்கிற மாதிரி துவக்கு விக்கிற நாட்டில வேற என்னகா நடக்கும்?" எண்டு ஒருத்தர்.

மூலையில இருந்த மீன் யாவாரி மட்டும் குரல உயத்தாமக் கேட்டார். "நம்மட ஊரில துவக்கு நிறைஞ்சிருந்த காலத்தில ஒரு நாளாவது நிம்மதியா நித்திர கொண்டயா நீ?"

ஆனா வயக்காரர் கதைய உடல்ல. யானை கலைக்க ஒரு துவக்குக் கேட்டா அரசாங்கத்தில ஆயிரம் கேள்வி கேக்கிறாங்க எண்டு துவங்கினார். நானும் அவர்ட கட்சிதான். எனக்கும் ஒரு உண்மையான துவக்கு எடுக்கணும் எண்டு கனநாள் ஆச. அதத் தோளில வெச்சிட்டு நடந்தா மனிசியாவது என்ன மதிப்பா எண்டு ஒரு நப்பாச.

கடைக்காரர் ஏறாவூர் முஸ்லிம் ஆள், எல்லாரும் நானா எண்டுதான் கூப்பிடுவாங்க. அவர் மட்டும் இந்தக் கதை ஒண்டுக்கும் வரல்ல. போனக் காதில வெச்சபடி எனக்கு பிளேன்டி ஊத்தி வெச்சார். சீனி போடல்ல. என்ன யாவாரமடா இது எண்டு நினச்சன்.

மறுகாதான் எண்ட வாய் வேலையக் காட்டின. எல்லாரும் கேக்கிற மாதிரி, "துவக்கு வேணுமா வேணாமா எண்டு நீங்க அடிபடுங்க. எண்ட துவக்கு இந்தா, இதுக்குள்ள இருக்கு" எண்டு சேலைப் பொட்டணியில ரெண்டு தட்டுத் தட்டினன்.

சிரிப்பாங்க எண்டு பாத்தன். ஒருத்தரும் சிரிக்கல்ல.

எனக்கு எப்பிடித் தெரியும், அந்தப் பாவி துவக்க நீட்டுப் பையில வெச்சித் தோளில கொழுவிட்டு உள்ளுக்க போறத நான் வாறதுக்கு முதல் டீவீயில திருப்பித் திருப்பிக் காட்டினது? அதப் பாத்துப் பயந்துபோய் இருந்த சனத்துக்கு நடுவில நான் நீட்டுப் பொட்டணியத் தட்டிக் காட்டியிருக்கன். இருந்த வாங்கு புரண்டிச்சி. கிளாசு உடைஞ்சிச்சி. பாதிப் பேர் ரோட்டுக்குப் பாஞ்சாங்க. மூணு பேர் எனக்கு மேல பாஞ்சாங்க.

"ஐயோ, குரங்குக்கு! குரங்குக்கு!" எண்டு கத்தினன்.

"ஆரடா குரங்கு?" எண்டு ஒருத்தன் வாயில ஒண்டு தந்தான். பல்லொண்டு கழண்டு நாக்கில உழுந்திச்சி.

"உங்களுக்கில்ல, குரங்குக்கு!" எண்டன். இன்னொண்டு கிடைச்சிச்சி. வெளியால நிண்டவங்களும் தடியோட வாறாங்க. ஒருத்தன் கழுத்தப் புடிச்சிட்டான், மூச்செடுக்க ஏலாது. செத்தன் எண்டுதான் நினச்சன். பகிடியாச் சொல்லல்ல.

அப்பதான் நானா வந்தார். எப்பிடி நடுவில பூந்தாரோ தெரியா, அவங்கட கையப் பிரிச்சி, என்னச் சுவரோட தள்ளி, எனக்கு முன்னுக்கு ரெண்டு கையையும் விரிச்சிட்டு நிண்டார். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர்ட வேர்த்த முதுகுதான்.

"எண்ட கடைக்குள்ள ஆரும் ஆருக்கும் கை வெக்கப்படா. எல்லாரும் ரோட்டுக்குப் போங்க. நான் பாக்கன்."

"நானா, தொடாதீங்க, வெடிக்கும்!" எண்டு ஒருத்தன் கத்தினான்.

"வெடிச்சா எனக்குத்தானே. போங்க மனே."

சனம் ரோட்டுக்குப் போயிற்று. அவர் நிலத்தில குந்தி, சேலைய ஒவ்வொரு சுத்தாக் கழட்டினார். மனிசி கட்டின முடிச்சு, சுறுக்கா அவிழாது. உள்ளுக்க இருந்து வெள்ளக் குழாய் வந்திச்சி. அதத் தூக்கி ரோட்டுக்குக் காட்டினார்.

"குரங்கு கலைக்கிற குழாய்."

சந்தியே சிரிச்சிச்சி. எனக்கு அடிச்சவன் கிட்ட வந்து, "முதல்லயே சொல்லியிருக்கலாமே மச்சான்" எண்டான்.

"முதல்லயே சொன்னதாலதான்டா பல்லுப் போன!"

நானா சிரிக்கல்ல. திரும்பவும் போனக் காதில வெச்சார். ரொட்டி போடுறவர்தான் எனக்குக் காதுக்குள்ள சொன்னார். நானாட மகன் அந்தக் கடைத்தொகுதிக்குள்ளதான் கிளீனிங் வேல. விடிஞ்சதில இருந்து போன் எடுக்கான் இல்லையாம்.

எனக்கு அடி உழுந்ததவிட அதுதான் நொந்திச்சி. அந்த மனிசன் புள்ள உயிரோட இருக்கானோ எண்டு தெரியாம நிக்கக்குள்ளதான் நான் துவக்கப் பத்திப் பகிடி உட்டிருக்கன். பஸ் வந்திச்சி, போயிற்று. நான் ஏறல்ல. ஆறுதல் சொல்லவும் தெரியல்ல. அதால உடைஞ்ச கிளாசக் கூட்டி அள்ளினன், புரண்ட வாங்க நிமித்தி வெச்சன், வந்த ஆக்களுக்கு நானே தேத்தண்ணி ஊத்தினன். குடிச்சவங்க ஒருத்தரும் ரெண்டாவது கேக்கல்ல.

பொழுது சாயப் போற நேரம் போன் அடிச்சிச்சி. நானா எடுத்தார். போனக் காதோட அமத்திக் கேட்டார். மறுகா மெதுவா, "சாப்பிட்டயா மனே?" எண்டார். அதோட அப்பிடியே நிலத்தில இருந்திட்டார். மகன் தண்ட போன உள்ளுக்க போட்டுட்டு உடுத்த உடுப்போட ஓடித் தப்பியிருக்கான், இப்பதான் ஆரோ தெரியாத ஒரு பொம்புள தண்ட போனக் குடுத்திருக்கா. கடைக்குள்ள நிண்ட எல்லாரும் அழுதாங்க. என்ன அடிச்சவன்தான் கூடுதலா அழுதான்.

போகக்குள்ள கேட்டன், "பொட்டணியத் தொடக்குள்ள உங்களுக்குப் பயமில்லையா நானா?"

"பயம்தான். ஆனா அங்க எண்ட புள்ளைய ஆராவது இப்பிடி மறைச்சிட்டு நிப்பாங்க எண்டு நினச்சன். அப்ப நான் இஞ்ச சும்மா நிக்க ஏலுமா?"

உண்மையான துவக்கு எடுக்கிற ஆச அண்டையோட போயிற்று. அண்டைக்கு அந்தக் கடையில ஆர்ட கையிலயாவது ஒரு துவக்கு இருந்திருந்தா, நான் வாயத் திறந்து ரெண்டாவது தரம் 'குரங்குக்கு' எண்டு சொல்லியிருக்க மாட்டன். ஆரும் துவக்கு நல்லதெண்டு கதைச்சா, நாக்கு தன்பாட்டில அந்தப் பல்லில்லாத இடத்தத் தடவும், நான் உயிரோட இருக்கிறதுக்கு நானாக்கு மனசுக்குள்ள ஒருக்கா நன்றி சொல்லிக்கொள்ளுவன்.