ஐந்து நாடுகளும் ஒரு பிடி உப்பும்

இளம் சுகாதாரத் தலைவர்களுக்கான பரிமாற்றத் திட்டத்தில் ஐந்து நாட்டு மருத்துவர்கள் மாட்டுப்பட்டி தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸான நான், அவர்களிடம் பேச இரண்டு வாரம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். தேயிலைக்குள் பத்தடி போவதற்குள் ஐந்து நாடுகளும் ஒற்றைக்காலில் குதித்தன. அட்டைப்பூச்சி.

“பிடுங்காதீங்க, உப்பு போட்டா அதுவா விழுந்துரும்” என்று கொழுந்தெடுக்கும் அக்கா ஒவ்வொரு காலிலும் உப்பைத் தூவினார். எனக்குச் சிரிப்பில் ஒரு வாக்கியமும் நினைவுக்கு வரவில்லை.

மறு ஆண்டு பரிமாற்றத்தில் என் முறை. பனி கொட்டும் ஊரில் இறங்கினேன். வரவேற்க வந்தவள் அந்த ஐவரில் ஒருத்தி. கைகுலுக்கவில்லை, குனிந்து முதலில் என் கால்களைப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஓர் உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.